அமெரிக்க மருத்துவர்களின் சிறப்புச் சான்றிதழ்: எதைக் காட்டிப் புதுப்பிப்பது?

அமெரிக்காவில் மருத்துவம் பார்ப்பதற்கான உரிமத்தை அந்தந்த மாநிலம் வழங்குகிறது. அதற்கு மேல், ஒருவர் இதயவியலிலோ குழந்தை மருத்துவத்திலோ மயக்கவியலிலோ தேர்ந்தவர் என்று சொல்லும் சிறப்புச் சான்றிதழை அரசு சாராத வாரியங்கள் வழங்குகின்றன. சட்டப்படி இந்தச் சான்றிதழ் கட்டாயமில்லை. ஆனால் அது இல்லாதவரைப் பல மருத்துவமனைகள் தங்கள் மருத்துவர் குழுவில் சேர்ப்பதில்லை. காப்பீட்டு நிறுவனங்கள் பலவும் தங்கள் பட்டியலில் வைப்பதில்லை. பெயருக்கு விருப்பம், நடப்பில் நிபந்தனை என்ற இந்த நிலையில், ஒருமுறை பெற்ற சான்றிதழ் வாழ்நாள் முழுவதும் செல்லுமா, செல்லாதெனில் எதைக் காட்டி அதைப் புதுப்பிப்பது என்பது அங்கே பத்தாண்டுகளுக்கும் மேலாகத் தீராத வழக்காக இருந்துவருகிறது.

தீர்மானிக்க வேண்டிய இடத்தில் மூன்று தரப்பினர் இருக்கிறார்கள்: வாரியங்கள், மருத்துவமனைகள், மாநிலச் சட்டமன்றங்கள். அவர்கள் முன் உள்ள வழிகள் ஐந்து. பத்தாண்டுக்கு ஒரு பெருந்தேர்வு, காலாண்டுதோறும் சில கேள்விகள், தொடர் மருத்துவக் கல்வி நேரத்தை மட்டும் கணக்கிடுவது, மருத்துவரின் அன்றாடப் பணியையே மதிப்பிடுவது, புதுப்பித்தலையே விட்டுவிடுவது. இவற்றில் இரண்டாவது வழியே அடித்தளமாக இருக்க வேண்டும் என்பதும், இன்றிருக்கும் வடிவில் அதை அப்படியே ஏற்கக்கூடாது என்பதும் இக்கட்டுரையின் நிலைப்பாடு. அதற்கான காரணங்களைச் சொல்வதற்கு முன், இந்தச் சிக்கல் எப்படி முற்றியது என்பதைப் பார்க்க வேண்டும்.

முதல் சிறப்பு வாரியம் கண் மருத்துவத்துக்காக 1916-இல் தோன்றியது. இன்று 24 வாரியங்களுக்குக் குடையாக உள்ள ஏபிஎம்எஸ் அமைப்பின் தொடக்கம் 1933. நெடுங்காலம் சான்றிதழுக்குக் காலாவதி என்ற பேச்சே இல்லை. 1969-இல் அமைந்த குடும்ப மருத்துவ வாரியம்தான் தொடக்கத்திலிருந்தே காலவரையறையுள்ள சான்றிதழைத் தந்தது. வாரியங்களில் மிகப் பெரியதும், இதயவியல், புற்றுநோயியல் போன்ற கிளைத்துறைகளுக்கும் சான்றளிப்பதுமான உள்மருத்துவ வாரியம், அதாவது ஏபிஐஎம், 1990 முதல் பத்தாண்டுக் காலவரையறையைக் கொண்டுவந்தது; அதற்கு முன் சான்று பெற்றவர்களின் சான்றிதழ் காலாவதியாகாமல் தொடரட்டும் என்று விட்டுவிட்டது. 2000-ஆம் ஆண்டில் எல்லா வாரியங்களும் நான்கு பகுதிகள் கொண்ட பொதுத் திட்டமொன்றுக்கு உடன்பட்டன. உரிமம் களங்கமின்றி இருக்க வேண்டும், தொடர்ந்து கற்க வேண்டும், தேர்வெழுத வேண்டும், தம் பணியைத் தாமே ஆய்ந்து மேம்படுத்திக் காட்ட வேண்டும் என்பவை அந்நான்கு. எம்ஓசி, அதாவது சான்றிதழைப் பேணுதல், என்று மருத்துவர்கள் சுருக்கமாகக் குறிப்பிடுவது இதைத்தான்.

2014 ஜனவரியில் ஏபிஐஎம் இத்திட்டத்தை இறுக்கியது. பத்தாண்டுக்கு ஒருமுறை என்றிருந்த கடமை இடைவிடாத கடமையாயிற்று; இரண்டாண்டுக்கு ஒருமுறையேனும் ஏதேனும் ஒரு செயல்பாடு, ஐந்தாண்டில் நூறு புள்ளிகள், அதைச் செய்யாதவர் நிபந்தனைகளை நிறைவேற்றவில்லை என்ற பொது அறிவிப்பு என்று அது நீண்டது. கலிஃபோர்னியாவின் இதய மருத்துவர் பால் டீர்ஸ்டைன் தொடங்கிய எதிர்ப்பு மனுவில் 19,000-க்கும் மேற்பட்ட மருத்துவர்கள் கையெழுத்திட்டார்கள். 2015 பிப்ரவரியில் வாரியத்தின் தலைவர் ரிச்சர்ட் பேரன் தாங்கள் தவறிவிட்டதாக வெளிப்படையாக ஒப்புக்கொண்டு, பணி மதிப்பீட்டுப் பகுதியை நிறுத்திவைத்தார். அத்தோடு எதிர்ப்பு அடங்கிவிடவில்லை. 2023-இல் குருதிப் புற்றுநோய் மருத்துவர் ஏரன் குட்மன் தொடங்கிய மற்றொரு மனுவும் இருபதாயிரம் கையெழுத்துகளைத் தாண்டியது. அதே ஆண்டு இதயவியல் சங்கங்கள் பல ஒன்றுசேர்ந்து ஏபிஐஎம்மிலிருந்து பிரிந்து தனி வாரியம் அமைக்கப்போவதாக அறிவித்தன. அவர்களின் விண்ணப்பத்தை ஏபிஎம்எஸ் 2025 பிப்ரவரியில் நிராகரித்தது. ஒரு தொழிலின் முன்னணியில் நிற்பவர்களே தம்மை அளக்கும் அமைப்பை விட்டு வெளியேற முயல்கிறார்கள் என்றால், அதைச் சோம்பேறிகளின் முணுமுணுப்பு என்று ஒதுக்கிவிட முடியாது.

எனினும் எதிர்ப்பாளர்கள் விரைந்து கடந்துபோகும் கேள்வி ஒன்று உண்டு. ஏதேனும் ஒரு சோதனை தேவையா என்பதே அது. தேவை என்பதற்கு மூன்று சான்றுகளைக் காட்டலாம். மருத்துவரின் அனுபவ ஆண்டுகளையும் சிகிச்சையின் தரத்தையும் ஒப்பிட்ட 62 ஆய்வுகளை 2005-இல் திரட்டிப் பார்த்தபோது, அவற்றில் பாதிக்கும் சற்று மேல், அளந்த எல்லாவற்றிலும் தரம் ஆண்டுகளோடு இறங்குவதையே காட்டின. 2006-இல் ஜாமா இதழில் வந்த தொகுப்பாய்வு, மருத்துவர்கள் தம் திறனைப் பற்றித் தாமே சொல்வதையும் பிறர் அளந்து சொல்வதையும் ஒப்பிட்டது. இருபது ஒப்பீடுகளில் பதின்மூன்றில் இரண்டுக்கும் தொடர்பு இல்லை, அல்லது மிகக் குறைவு, அல்லது தலைகீழ். திறன் குறைந்தவர்களும் தன்னம்பிக்கை மிகுந்தவர்களுமே தம்மை மிகத் தவறாக மதிப்பிட்டார்கள் என்பது அதில் கவனிக்க வேண்டிய செய்தி. தனக்கு என்ன தெரியவில்லை என்பதைத் தானாக அறிவது எவருக்கும் அரிது; மருத்துவர்கள் அதற்கு விலக்கல்ல.

மூன்றாவது சான்று இந்த வாதத்தைச் சற்றுத் திருப்பிப்போடுகிறது. அரசின் மெடிகேர் காப்பீட்டில் மருத்துவமனையில் சேர்ந்த முதியவர்களைக் குறித்து 2017-இல் பிஎம்ஜே இதழில் வந்த ஆய்வில், நாற்பது வயதுக்குட்பட்ட மருத்துவர்களிடம் சிகிச்சை பெற்றோரில் முப்பது நாளில் இறந்தவர்கள் 10.8 சதவீதம், அறுபதும் அதற்கு மேலும் ஆன மருத்துவர்களிடம் 12.1 சதவீதம். ஆனால் ஆண்டுதோறும் மிகுதியான நோயாளிகளைக் கவனிக்கும் மருத்துவர்களிடையே இந்த வேறுபாடு காணப்படவில்லை. ஆகவே வயதைக் காட்டிலும் கைப்பழக்கம் விட்டுப்போவதும் அறிவு புதுப்பிக்கப்படாததுமே ஆபத்து என்று கொள்ள இடமிருக்கிறது. நாம் தேடும் முறை இந்த இரண்டையும் தொட வேண்டும்.

பத்தாண்டுத் தேர்வு

முதல் வழியின் சிறப்பு அதன் தெளிவு. எல்லோருக்கும் ஒரே கண்காணிப்பு, ஒரே தரம், ஒரே முடிவு. மருத்துவர் தேர்வு மையத்துக்குச் செல்கிறார். உள்ளங்கையை வருடி அடையாளம் சரிபார்க்கிறார்கள். கைபேசியையும் கைக்கடிகாரத்தையும் பெட்டியில் பூட்டிவிட்டு ஒரு நாள் முழுதும் திரையின் முன் அமர்கிறார். அங்கே விடை தவறினால், எந்தக் கேள்வி, ஏன் தவறு, சரியான சிகிச்சை எது என்று அந்த நொடியில் அவருக்கு எவரும் சொல்வதில்லை. வாரங்கள் கழித்து மதிப்பெண்ணும் பாடவாரியான சுருக்கமும் வருகின்றன. பிறகு அடுத்த தேர்வு வரை பெரிய இடைவெளி. மருத்துவத்தில் பத்தாண்டு என்பது சிறிய காலமல்ல. 2010-இல் தேறிய புற்றுநோய் மருத்துவர், 2020-இல் அடுத்த தேர்வுக்கு வரும்போது, உடலின் நோய் எதிர்ப்பாற்றலைத் தூண்டிப் புற்றுநோயைத் தாக்கும் மருந்துகளின் வருகையால் அவருடைய துறையே உருமாறியிருந்தது. அந்த மாற்றத்தின் நடுவில் அவரை எவரும் எதுவும் கேட்கவில்லை.

செலவையும் பார்க்க வேண்டும். 2015-இல் அன்னல்ஸ் ஆஃப் இன்டர்னல் மெடிசின் இதழ் வெளியிட்ட கணக்கீட்டின்படி, ஏபிஐஎம் திட்டத்தால் ஓர் உள்மருத்துவருக்குப் பத்தாண்டில் சராசரியாக 23,607 டாலர் செலவாகும்; குருதியியலும் புற்றுநோயியலும் சேர்ந்த மருத்துவருக்கு 40,495 டாலர். திட்டத்திலுள்ள எல்லா மருத்துவர்களுக்கும் சேர்த்துப் பத்தாண்டில் 570 கோடி டாலர். இதில் பத்தில் ஒன்பது பங்கு கட்டணமல்ல, மருத்துவரின் நேரத்தின் மதிப்பு. கட்டணத்தைக் குறைத்தால் போதும் என்ற வாதம் இந்த ஓர் எண்ணிலேயே உடைந்துவிடுகிறது. நோயாளிக்குச் செல்ல வேண்டிய நேரம் எங்கே போகிறது என்பதுதான் பெரிய கேள்வி.

இத்தனை செலவுக்குக் கிடைத்தது என்ன? 2014 டிசம்பரில் ஜாமா ஒரே இதழில் இரண்டு ஆய்வுகளை வெளியிட்டது. ஒன்று, காலவரையறைக்கு உட்படாமல் 1989-இல் சான்று பெற்ற மருத்துவர்களையும் அதற்கு உட்பட்டு 1991-இல் சான்று பெற்ற மருத்துவர்களையும் ஒப்பிட்டது. இயல்பாகவே உருவான நல்ல ஒப்பீடு இது. இரண்டாண்டு இடைவெளியில் மருத்துவர்களின் இயல்பு மாறியிருக்க வாய்ப்பில்லை, விதி மட்டுமே மாறியது. புதுப்பிக்க வேண்டிய கட்டாயத்தில் இருந்தவர்களின் நோயாளிகளுக்கான செலவு ஏறக்குறைய 2.5 சதவீதம் குறைவாக வளர்ந்தது; ஆனால் தவிர்த்திருக்கக்கூடிய மருத்துவமனைச் சேர்க்கைகளில் வேறுபாடு இல்லை. மற்றொரு ஆய்வு, முன்னாள் படைவீரர்களுக்கான நான்கு மருத்துவமனைகளில் பணிபுரிந்த 105 உள்மருத்துவர்களைப் பத்து அளவுகோல்களில் ஒப்பிட்டு, காலவரையறைக்கு உட்பட்டவர், உட்படாதவர் என்ற இரு சாராருக்கும் வேறுபாடே இல்லை என்றது. தன் சான்றிதழைப் புதுப்பித்துக்கொண்டவர்கள் சில பரிசோதனைகளை ஒழுங்காகச் செய்கிறார்கள் என்று 2018-இல் வந்த ஆய்வு காட்டியது உண்மை. ஆனால் புதுப்பித்துக்கொள்பவர்கள் இயல்பிலேயே ஒழுங்கானவர்களாக இருக்கலாம் என்ற ஐயத்தை அது தீர்க்கவில்லை. மேலும் இவ்வகை ஆய்வுகள் பலவற்றை எழுதியவர்கள் வாரியத்தின் சொந்த ஆய்வாளர்கள். அவர்களின் நேர்மையை ஐயுறத் தேவையில்லை. எனினும் தன் பண்டத்தின் தரத்தைத் தானே அளக்கும் ஏற்பாடு நீடிக்கக்கூடாது.

காலாண்டுக் கேள்விகள்

மயக்கவியல் வாரியம் 2014-இல் வேறொரு முறையை முன்னோட்டமாகத் தொடங்கி, 2016-இல் பத்தாண்டுத் தேர்வை அகற்றிவிட்டு அந்த இடத்தில் அதையே வைத்தது. காலாண்டுக்கு முப்பது கேள்விகள், ஆண்டுக்கு 120. ஒவ்வொன்றுக்கும் ஒரு நிமிடம். மோக்கா மினிட் என்ற அதன் பெயரே அந்த ஒரு நிமிடத்தால் வந்ததுதான். குழந்தை மருத்துவ வாரியமும் குடும்ப மருத்துவ வாரியமும் 2019-இல் இதைப் பின்பற்றின. ஏபிஐஎம் 2022-இல் வந்து சேர்ந்தது.

இது நடக்கும் விதத்தை அருகிலிருந்து பார்த்தால்தான் வேறுபாடு விளங்கும். ஏபிஐஎம் முறையில் கேள்வியைத் திறந்தவுடன் நான்கு நிமிடக் கடிகாரம் ஓடத் தொடங்குகிறது. நெஞ்செரிச்சல் என்று வந்தவரின் வயது, மருந்துகள், ஆய்வு முடிவுகள் திரையில் இருக்கின்றன. நூலைப் புரட்டலாம், இணையத்தில் தேடலாம். இன்னொரு மனிதரைக் கேட்கக்கூடாது, அவ்வளவுதான் தடை. நேரம் போதாவிட்டால் ஆண்டுக்கு முப்பது நிமிடம் என்று ஒதுக்கப்பட்ட கையிருப்பிலிருந்து எடுத்துக்கொள்ளலாம். விடையைத் தேர்ந்த பிறகு சரியா தவறா என்பதும், ஏன் என்ற விளக்கமும், மூல ஆய்வின் குறிப்பும் பெரும்பாலான கேள்விகளுக்கு உடனே வருகின்றன. ஐந்தாண்டில் வரும் 600 கேள்விகளில் குறைந்தது 500-ஐத் திறக்க வேண்டும். வீட்டிலோ பணி இடைவேளையிலோ, கைபேசியிலோ கணினியிலோ இதைச் செய்யலாம்.

கற்றலைப் பற்றி உளவியல் நெடுநாளாகச் சொல்லிவரும் இரண்டு உண்மைகள் இங்கே வேலை செய்கின்றன. ஒன்றைத் திரும்பத் திரும்பப் படிப்பதைவிட, அதைக் குறித்துக் கேட்கப்பட்டு நினைவிலிருந்து எடுப்பது ஆழமாகப் பதியும். ஒரே மூச்சில் படிப்பதைவிட இடைவெளி விட்டுத் திரும்புவது நீடிக்கும். பெருந்தேர்வு முதலாவதைப் பாதி பயன்படுத்தியது, இரண்டாவதை முற்றிலும் வீணடித்தது. தேர்வுக்கு முன் ஆறு மாதம் வார இறுதிகளை இழந்து படித்து, எழுதிய சில மாதங்களில் மறப்பது என்பதுதான் அதன் வழக்கமான விளைவு. மருத்துவருக்கு இன்று என்ன தெரியவில்லை என்பதை இன்றே சொல்லும் முறை என்ற வகையில், 2006 ஆய்வு காட்டிய தன்மதிப்பீட்டுக் குறைக்கு நேர்மருந்தாக இருப்பது ஐந்தில் இது ஒன்றே.

குறைகளும் கடுமையானவை. முதலாவது, சான்றிதழின் எண்ணிக்கைப்படி கேள்விகள் பெருகுவது. மார்பகப் புற்றுநோயை மட்டுமே பார்க்கும் மருத்துவர், உள்மருத்துவம், குருதியியல், புற்றுநோயியல் என்று மூன்று சான்றிதழ்களையும் காத்துக்கொள்ள விரும்பினால், மூன்று தனி ஓடைகளில் காலாண்டுக்கு மும்முப்பது கேள்விகள் அவருக்குக் காத்திருக்கின்றன. ஆண்டுகளாக அவர் கண்ணில் படாத இரத்தப் புற்றுநோய் வகைகளைக் குறித்துக் கேட்பதால் அவருடைய நோயாளிகளுக்கு என்ன நன்மை என்ற கேள்விக்கு வாரியத்திடம் மனநிறைவு தரும் விடை இல்லை. 2023-இல் மிகப் பெரிய குரல் குருதியியல், புற்றுநோயியல் மருத்துவர்களிடமிருந்தே எழுந்ததற்கு இதுவும் ஒரு காரணம்.

இரண்டாவது குறை, கற்பித்தலும் தீர்ப்பும் ஒரே கருவியில் கட்டப்பட்டிருப்பது. ஐந்தாண்டு முடிவில் மதிப்பெண் போதாவிட்டால் பழைய பெருந்தேர்வை எழுதித் தேற வேண்டும். அப்போது கற்பதற்கென்று திறந்த கேள்வியே தண்டனைக்கும் கணக்கில் சேர்கிறது. தெரியாததை ஒப்புக்கொண்டு பொறுமையாக விளக்கத்தைப் படிக்க வேண்டியவர், கடிகாரத்தைப் பார்த்துக்கொண்டே விடையைத் தேடி ஓடுகிறார். நல்ல கற்பித்தல் முறையைத் தேர்வுப் பதற்றம் மீண்டும் விழுங்கிவிடும் அபாயம் இங்கே இருக்கிறது. மூன்றாவது, பலகாலம் மருத்துவர்கள் சொல்லிவரும் அலுப்பு: முன்பு பத்தாண்டுக்கு ஒருமுறை வந்த சுமை இப்போது முடிவில்லாமல் தோளில் இருக்கிறது. இதை நான் அவ்வளவு பெரிதாக எடுத்துக்கொள்ளவில்லை. காலாண்டுக்கு இரண்டு மணி நேரம் என்பது, பிறர் உயிரைக் கையாளும் தொழிலில் கேட்கக்கூடிய அளவுதான். ஓடை ஒன்றாக இருக்கும் வரை.

கல்வி நேரம் மட்டும்

டீர்ஸ்டைனும் அவருடன் நின்றவர்களும் 2015-இல் என்பிபிஏஎஸ் என்ற மாற்று வாரியத்தை அமைத்தார்கள். அதன் நிபந்தனைகள் எளியவை. தொடக்கச் சான்றிதழைப் பழைய வாரியங்களில் ஒருமுறை பெற்றிருக்க வேண்டும். மாநில உரிமம் தடையின்றி இருக்க வேண்டும். இரண்டாண்டில் ஐம்பது மணி நேரத் தொடர் மருத்துவக் கல்வி முடித்திருக்க வேண்டும். தேர்வு இல்லை, கட்டணமும் குறைவு. 

இந்த அமைப்பின் மிகப் பெரிய பங்களிப்பு அதன் இருப்புதான். போட்டி என்ற ஒன்று வந்த பிறகுதான் பழைய வாரியங்கள் கட்டணத்தையும் நிபந்தனைகளையும் தளர்த்தத் தொடங்கின என்று நம்ப இடமுண்டு. 2018 செப்டம்பரில் அமெரிக்க நீதித்துறையின் போட்டிப் பாதுகாப்புப் பிரிவே, மேரிலாந்து மாநில மசோதா ஒன்றைக் குறித்து எழுதிய கடிதத்தில், தகுதியுள்ள வேறு சான்றளிக்கும் அமைப்புகள் நுழைய வழிவிடுவதைப் பரிசீலிக்கச் சொன்னது.

ஆனால் ஒரு புதுப்பித்தல் முறையாக இதன் பலவீனம் வெளிப்படையானது. கலிஃபோர்னியா மாநிலம் உரிமத்துக்கே இரண்டாண்டில் ஐம்பது மணி நேரக் கல்வியைக் கேட்கிறது. அப்படியானால் அங்குள்ள மருத்துவருக்கு என்பிபிஏஎஸ் சான்றிதழ் கூடுதலாக எதைச் சொல்கிறது? மேலும், எந்தக் கல்வியை எடுப்பது என்பதை மருத்துவரே தேர்கிறார். தனக்குப் பிடித்ததும் ஏற்கெனவே தெரிந்ததுமே அவரை ஈர்க்கும். அமர்ந்து கேட்கும் விரிவுரைகள் மட்டும் மருத்துவரின் நடைமுறையை மாற்றுவது அரிது என்பது இத்துறையில் பழைய செய்தி.

கனடாவில் சிறப்பு மருத்துவர்களுக்குச் சான்றளிக்கும் ராயல் காலேஜ் வகுத்த முறை இதற்கு நல்ல ஒப்பீடு. அங்கேயும் தேர்வு இல்லை. ஐந்தாண்டில் 400 புள்ளிகள், எந்த ஆண்டிலும் நாற்பதுக்குக் குறையாமல். ஆனால் கூட்டமாக அமர்ந்து கேட்கும் கல்விக்கு மணிக்கு ஒரு புள்ளி என்றால், தன் அறிவையோ பணியையோ அளந்து கருத்துப் பெறும் செயலுக்கு மணிக்கு மூன்று. கடினமான கற்றலின் பக்கம் மருத்துவரைச் சாய்க்க இந்த எளிய எடைவேறுபாடு போதும். என்பிபிஏஎஸ் இதையாவது எடுத்துக்கொண்டிருக்கலாம்.

பணியையே மதிப்பிடுவது

கொள்கையளவில் இதுவே மிகச் சரியான வழி. நோயாளிக்கு வேண்டியது தன் மருத்துவர் நன்றாகச் சிகிச்சை செய்கிறாரா என்ற உறுதி. கேள்வித்தாளில் நன்றாக விடையளிக்கிறாரா என்பது அதற்கு அடுத்தபடி. பிரிட்டனில் பொது மருத்துவ மன்றம் 2012 டிசம்பர் முதல் இப்படித்தான் செய்கிறது. ஒவ்வோர் ஆண்டும் ஒரு சக மருத்துவரோடு அமர்ந்து மதிப்பாய்வு; ஐந்தாண்டுச் சுழற்சியில் நோயாளிகளிடமும் உடன் பணிபுரிபவர்களிடமும் திரட்டிய கருத்து; முடிவில், பொறுப்பு அலுவலர் என்று நியமிக்கப்பட்ட மூத்த மருத்துவர் மன்றத்துக்குப் பரிந்துரை எழுதுகிறார். அறிவுத் தேர்வு கிடையாது.

அமெரிக்காவில் இதன் சாயலைக் கொண்டுவர முயன்றபோதுதான் 2014-இன் கலகம் வெடித்தது. காரணம் எளிது. பிரிட்டனில் ஏறக்குறைய எல்லோரும் ஒரே தேசிய மருத்துவ அமைப்பின் கீழ் வருகிறார்கள். பதிவேடுகள், மேலாளர், மதிப்பாய்வுக்கான நேரம் ஆகியவை அமைப்பிலேயே உண்டு. அமெரிக்காவில் சிறு மருத்துவமனை நடத்துபவருக்கு அவை எதுவும் இல்லை. மாலையில் நோயாளிகள் போன பிறகு, இருபத்தைந்து நீரிழிவு நோயாளிகளின் பதிவேடுகளை எடுத்து, எத்தனை பேருக்குப் பாதப் பரிசோதனை நடந்தது என்று எண்ணி, வாரியத்தின் படிவத்தில் ஏற்றி, மூன்று மாதம் கழித்து மீண்டும் எண்ணிக் காட்டுவது என்பது அவருக்கு மேம்பாடாகத் தோன்றவில்லை. எழுத்தர் வேலையாகத்தான் தோன்றியது. அதில் அவர் தவறில்லை.

ஆனால் பெரிய மருத்துவமனைகளில் நிலைமை வேறு. அங்கீகாரம் வழங்கும் ஜாயின்ட் கமிஷன், அங்கீகாரம் பெற்ற மருத்துவமனைகள் தம் மருத்துவர் ஒவ்வொருவரின் செயல்பாட்டையும் தொடர்ந்து மதிப்பிட வேண்டும் என்று ஏற்கெனவே கேட்கிறது. அதாவது பணியை அளக்கும் தரவு மருத்துவமனையின் கையில் இருக்கிறது. அதை மருத்துவரிடம் மறுபடி ஒருமுறை கேட்பதுதான் வீண். மருத்துவமனை நடத்தும் தர மேம்பாட்டுப் பணியில் பங்கேற்றதை வாரியங்கள் வரவு வைக்கும் வழி ஏபிஎம்எஸ்ஸிடம் உண்டு. அதை விதிவிலக்கு என்ற நிலையிலிருந்து விதியாக்கினால் நான்காவது வழியின் நன்மையில் பெரும்பகுதி கூடுதல் படிவமின்றிக் கிடைத்துவிடும்.

புதுப்பித்தலே வேண்டாம் என்பது

ஐந்தாவது வழியை நீண்டு ஆராயத் தேவையில்லை. ஒக்லஹோமா 2016-இலும் டெக்சஸ் 2017-இலும் இயற்றிய சட்டங்கள் இந்தத் திசையில் செல்பவை என்று பலர் சொன்னாலும், அவை சான்றிதழை ஒழிக்கவில்லை. அதைக் கட்டாய நிபந்தனையாக்கும் மருத்துவமனை, காப்பீட்டு நிறுவனங்களின் கையைக் கட்டுப்படுத்த முயன்றன. டெக்சஸ் சட்டத்தில், மருத்துவமனையின் மருத்துவர் குழுவே வாக்களித்து எம்ஓசி தேவை என்று முடிவு செய்யலாம் என்ற விலக்கும் உண்டு. தொழிலைச் செய்பவர்களே தம் இடத்தில் தீர்மானிப்பது நல்ல ஏற்பாடு. வாழ்நாள் சான்றிதழுக்கு முழுமையாகத் திரும்புவது, 2005, 2006, 2017 ஆய்வுகள் காட்டிய உண்மைகளுக்கு முகத்தைத் திருப்பிக்கொள்வதாகும்.

நீதிமன்றங்களிலிருந்து தீர்வு வரும் என்று காத்திருப்பதிலும் பயனில்லை. தொடக்கச் சான்றிதழையும் புதுப்பித்தலையும் ஒன்றாகக் கட்டி விற்பது போட்டிச் சட்டத்துக்கு முரண் என்று ஏபிஐஎம்மின் மேல் தொடுத்த வழக்கை மூன்றாவது வட்ட மேல்முறையீட்டு நீதிமன்றம் 2021-இல் ஏற்கவில்லை. கதிரியக்க வாரியத்தின் மேல் தொடுத்த ஒத்த வழக்கை ஏழாவது வட்ட நீதிமன்றம் 2022-இல் ஏற்கவில்லை. இரண்டும் ஒரே சான்றிதழின் பகுதிகள், தனித்தனிப் பண்டங்கள் அல்ல என்பதே நீதிபதிகளின் பார்வை.

எந்த வடிவில் ஏற்பது

காலாண்டுக் கேள்விகளை அடித்தளமாக ஏற்பதென்றால் முதலில் ஓடைகளை ஒன்றாக்க வேண்டும். மருத்துவர் கடந்த ஆண்டு உண்மையில் எந்த நோயாளிகளைப் பார்த்தார் என்று அறிவித்து, அதற்கேற்ப எடைபோட்ட ஒரே கேள்வித் தொகுப்பைப் பெற வேண்டும். அதிலிருந்து அவருடைய எல்லாச் சான்றிதழ்களும் உயிரோடிருக்க வேண்டும். பொது அறிவுக்கென்று ஒரு சிறு பங்கு இருக்கட்டும். மார்பகப் புற்றுநோய் மருத்துவருக்கும் நுரையீரலில் இரத்தக்கட்டி அடைப்பதன் அறிகுறி தெரிந்திருக்க வேண்டும். மீதி அவருடைய பணியிலிருந்து வர வேண்டும்.

அடுத்தது தீர்ப்பைக் கற்பித்தலிலிருந்து விலக்குவது. மதிப்பெண் தாழ்ந்தால் முதல் விளைவு பெருந்தேர்வாக இருக்கக்கூடாது. எந்தப் பகுதி தாழ்ந்தது என்று காட்டி, அந்தப் பகுதியில் மட்டும் கூடுதல் கேள்விகளும் கனடாவில் மூன்று புள்ளி பெறும் வகையான கற்றலும் தந்து, ஓராண்டு கழித்து மீண்டும் பார்க்க வேண்டும். அப்போதும் தேறாதவருக்கு மட்டும், அவர் பணிபுரியும் இடத்திலுள்ள செயல்பாட்டுத் தரவையும் சேர்த்து வைத்து முடிவெடுக்கலாம். தரவு நன்றாகவும் மதிப்பெண் தாழ்ந்தும் இருக்கும் மருத்துவர் எப்படிப்பட்டவர் என்பது கூர்ந்து பார்க்க வேண்டிய கேள்வி; ஓர் எண்ணால் முடிக்கக்கூடியதல்ல. பணிபுரியும் இடத்தில் தரவே இல்லாத சிறு மருத்துவமனைக்காரருக்கு, அவர் தேர்ந்தெடுக்கும் சக மருத்துவர் ஒருவர் சில பதிவேடுகளைப் பார்த்துக் கருத்தெழுதும் பிரிட்டன் பாணி மதிப்பாய்வைத் தரலாம். மிகச் சிலருக்கே தேவைப்படும் என்பதால் இதன் செலவு தாங்கக்கூடியது.

வாரியங்கள் செய்ய வேண்டிய மற்ற இரண்டும் நீண்ட விளக்கம் கேட்பவையல்ல. 1990-க்கு முன் சான்று பெற்ற உள்மருத்துவர்களின் நிலையை, பொதுமக்கள் தேடும் பட்டியலில் எல்லோருக்கும் புரியும் ஒரு வரியில் எழுத வேண்டும். புதிய முறையின் பயனை அளக்கும் ஆய்வுகளுக்கான தரவை வெளியிலுள்ள பல்கலைக்கழக ஆய்வாளர்களிடம் தந்து, முடிவு எதுவாயினும் வெளியிடச் சம்மதிக்க வேண்டும். பத்தாண்டுத் தேர்வைத் தொடங்கியபோது அதன் பயனுக்கான சான்று இல்லை. அதே பிழை இரண்டாம் முறை நேரக்கூடாது.

இவற்றில் பலவும் வாரியங்கள் மனம் வைத்தால்தான் நடக்கும். மருத்துவமனைகள் அதற்குக் காத்திருக்க வேண்டியதில்லை. ஏபிஎம்எஸ் தானே அமைத்த தொலைநோக்கு ஆணையம் 2019 பிப்ரவரியில் தந்த அறிக்கையில், சான்றிதழ் நிலையை மட்டுமே காரணமாக வைத்து ஒரு மருத்துவருக்குப் பணி உரிமையை மறுக்கக்கூடாது என்று மருத்துவமனைகளுக்குச் சொன்னது. ஏழைகள் மிகுந்த பகுதியில் இருக்கும் ஒரே இதய மருத்துவர், மூன்றில் ஒரு சான்றிதழ் காலாவதியானதால் மருத்துவமனையின் படியேற முடியாமல் போவது யாரையும் காப்பாற்றுவதில்லை. ஆகவே மருத்துவர் குழுக்கள் தம் விதிமுறைகளின் அடுத்த திருத்தத்தில் மூன்று வரிகளைச் சேர்க்கலாம்: தொடக்கச் சான்றிதழ் தேவை; அதைப் புதுப்பிக்க இன்ன வாரியம்தான் என்ற கட்டாயம் இல்லை, ஆனால் பிறர் அளந்து கருத்துச் சொல்லும் மதிப்பீடு ஏதேனும் ஒன்றை ஆண்டுதோறும் காட்ட வேண்டும்; சான்றிதழ் காலாவதியான மருத்துவரின் உரிமையை நீக்குவதற்கு முன், மருத்துவமனையிடமே உள்ள அவருடைய இரண்டாண்டுச் செயல்பாட்டுப் பதிவைக் குழு படித்து, படித்ததன் முடிவை எழுத்தில் பதிய வேண்டும்.